தீர்மானத்தின் மூன்றாம் பத்தியை எடுத்துவிடுங்கள்

மொரிசியஸ் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், கோவில் பரிபாலனக் குழுவினருக்கும், இளைஞரணிப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் வரைவுத் தீர்மானம் எனக்கும் வந்து சேர்ந்தது. ஈழத் தமிழரின் சுயநிர்ணய உரிமையை மொரிசியஸ் அரசு வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். 2013-ல் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் போவதில்லை என்று பிரதமர் நவின் ராம்கூலம் அறிவித்தார். அடுத்த மாநாட்டை நம் நாட்டில் நடத்தும் வாய்ப்பு அதனால் கைவிட்டுப் போனது. அன்று இந்தத் தீவில் பெருமைப்படாத தமிழ் வீடு இருந்திருக்காது. சின்ன நாடு என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியும் என்று அப்போது பார்த்தோம்.

ஆனாலும் வரைவு இப்போது இருக்கிறபடியே இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்றாம் பத்தி தவறு. ஐந்தாம் பத்தி ஆபத்து. விடுதலைக்கு முன் பிரிட்டன் நம்மிடமிருந்து வெட்டி எடுத்த தீவுக்கூட்டம் சாகோஸ். இரண்டு பக்கத் தீர்மானத்தில் அந்தப் பெயர் ஆறு இடத்தில் வருகிறது. சாகோஸ் மக்கள் ஓர் இடத்திலும் வரவில்லை. அந்த இரண்டு பத்திகளையும் விட என்னை உறுத்துவது இந்த விடுபடல்தான். தனியாகச் சொன்னால் பேச்சோடு போய்விடும் என்பதால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

மூன்றாம் பத்தியை எடுத்துக்கொள்வோம். சாகோஸ் வழக்கில் பிரிந்து செல்லும் உரிமையைப் பன்னாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது, அதே அளவுகோல் ஈழத்துக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். முகநூலில் இதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் எழுதுபவர்கள் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். இந்த மண்ணில் இருக்கும் நாம் சொல்லக்கூடாது. அந்த வழக்கு நம்முடையது.

நடந்ததை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 1965 செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் நம் விடுதலை பற்றிய பேச்சுவார்த்தை. பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன் நம் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைத் தனியே சந்திப்பதற்கு முன் வில்சனின் செயலாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு இன்று யாரும் வாசிக்கக் கிடைக்கிறது. நம்பிக்கையைக் காட்டியே ராம்கூலத்தைப் பயமுறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். விடுதலை கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. சாகோஸ் விஷயத்தில் முரண்டு பிடித்தால் கிடைக்காமலும் போகலாம் என்பது பயம். தீவுக்கூட்டம் கைமாறியது. ஈடாக 30 லட்சம் பவுண்டு. நவம்பர் 8 அன்று பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி என்று புதிதாக ஒரு குடியேற்ற நாட்டையே உருவாக்கிவிட்டார்கள். உலகமெங்கும் குடியேற்றங்கள் கலைந்துகொண்டிருந்த காலம் அது! அந்த டிசம்பர் 16 அன்றே ஐ.நா. பொதுச்சபை 2066 ஆம் தீர்மானத்தில், மொரிசியஸைத் துண்டாக்கும் எந்த நடவடிக்கையும் எடுக்காதே என்று பிரிட்டனிடம் சொன்னது. பிரிட்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1968 மார்ச் 12 அன்று கொடியேற்றினோம், ஒரு துண்டு குறைந்த நாட்டுக்கு.

2019 பிப்ரவரி 25 அன்று ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் 13 நீதிபதிகள் ஒரு பக்கம் நின்றார்கள், ஒருவர் மறுபக்கம். அவர்களுடைய ஆலோசனைக் கருத்துரை சொன்னது என்ன? குடியேற்ற நாடுகளின் விடுதலை பற்றி 1960 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய 1514 ஆம் தீர்மானம், நாடுகளின் நடைமுறையால் அப்போதே நிலைபெற்றிருந்த வழக்காற்றுச் சட்டத்தைத்தான் எடுத்துரைத்தது. ஒரு குடியேற்ற நாட்டு மக்களின் சுயநிர்ணய உரிமை அந்த நிலப்பரப்பு முழுமைக்கும் உரியது. விடுதலைக்கு முன் அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுப்பதானால் அம்மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பம் வேண்டும். லங்காஸ்டர் ஹவுஸில் கிடைத்த ஒப்புதல் அப்படிப்பட்டதல்ல. ஆளும் நாட்டின் பிடியில் இருந்தவர்கள் தந்த ஒப்புதல் அது. ஆகவே நம் நாட்டின் குடியேற்ற நீக்கம் சட்டப்படி முடிவடையவில்லை, பிரிட்டன் கூடிய விரைவில் வெளியேற வேண்டும். அதே ஆண்டு மே 22 அன்று பொதுச்சபை 116க்கு 6 என்ற வாக்கில் இதற்குத் தோள் கொடுத்தது.

இதில் பிரிந்து போகும் உரிமை எந்த இடத்தில் இருக்கிறது? நிலத்தை வெட்டியது தப்பு என்று சொன்ன கருத்துரையைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டித் தா என்று கேட்கப் போகிறோம். கொழும்பு வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, நன்றி ஐயா, இதைத்தான் நாங்களும் சொல்கிறோம் என்பார். 1948 பிப்ரவரியில் இலங்கை ஒரே அலகாக விடுதலை பெற்றது. அந்த அலகு கலையக்கூடாது. உங்கள் மொரிசியஸ் வழக்கே அதற்குச் சாட்சி என்பார். அவருக்கு நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

இளைஞரணிப் பிள்ளைகள் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள், தெரியும். யாழ்ப்பாண அரசு தனியாக இருந்தது, 1619-ல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது, 1833-ல்தான் ஆங்கிலேயர் தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள், ஆகவே எங்களைக் கேட்காமல் சேர்த்தார்கள் என்பது அந்தப் பதில். வரலாறு சரிதான். சட்டம் அங்கே போகவில்லை. விடுதலை பெற்ற நொடியில் எல்லைகள் எப்படி இருந்தனவோ அப்படியே உறைந்துவிடும் என்ற கொள்கையை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964-ல் கெய்ரோவில் ஏற்றது. பன்னாட்டு நீதிமன்றம் 1986-ல் புர்கினா பாசோ, மாலி வழக்கில் அதைப் பொது விதியாகவே எடுத்துரைத்தது. 1948 என்பது 1514 ஆம் தீர்மானத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தியது என்பதையும் மறந்துவிடாதீர்கள். நீதிமன்றம் நம் வழக்கில் 1965க்கும் 1968க்கும் இடைப்பட்ட காலத்துச் சட்டம் என்ன என்றுதான் தேடியது. அந்தக் காலக்கோடு நமக்கு வாய்த்தது; ஈழத்துக்கு வாய்க்கவில்லை. இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சட்டம் இப்படிச் சொல்கிறது என்று. அது அப்படிச் சொல்லவில்லை.

அப்படியானால் ஈழத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தில் இருக்கிறது.

1966 ஆம் ஆண்டு குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதல் பிரிவு, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்கிறது. இலங்கை 1980-ல் அதில் சேர்ந்தது. (இந்தியா 1979-ல் சேரும்போது, இந்த உரிமை அந்நிய ஆட்சியின் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான், இறைமையுள்ள நாட்டின் ஒரு பகுதி மக்களுக்கு இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டது; மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகள் மறுப்புத் தெரிவித்தன. டெல்லியிடம் நம்பி மனுக் கொடுப்பவர்கள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.) 1970-ல் பொதுச்சபை ஏற்ற நட்புறவுப் பிரகடனம் நாடுகளின் ஆட்சிப்பரப்புக்குக் காவல் கொடுக்கிறது. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையையும் வைக்கிறது: இன, மத, நிற வேறுபாடில்லாமல் முழு மக்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் அரசு இருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத் தலைகீழாக வாசித்து, அப்படி நடக்காத அரசுக்குக் காவலும் இல்லை என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. கனடா உச்ச நீதிமன்றம் 1998-ல், கியூபெக் மாகாணம் பிரிந்து போகலாமா என்ற விவகாரத்தில் இந்த வாசலைத் திறக்கவுமில்லை, அடைக்கவுமில்லை. கியூபெக் மக்களின் நிலைமை அதுவல்ல என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. 2010 ஜூலையில், செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னபோது ஹேக் நீதிமன்றமும் அதே வேலையைச் செய்தது. விடுதலைப் பிரகடனம் சட்டத்தை மீறவில்லை என்று 10க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. பிரியும் உரிமை உண்டா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

பிரிந்த நாடுகளை எண்ணிப் பாருங்கள். வங்காளதேசம் 1971-ல் இந்தியப் படையோடு பிறந்து, 1974-ல்தான் ஐ.நா.வில் அமர்ந்தது. எரித்திரியா 1993-ல் எத்தியோப்பிய அரசின் இசைவோடு வாக்களித்தது. தெற்கு சூடானுக்கு சூடான் அரசு 2005-ல் ஒப்புக்கொண்ட வாக்கெடுப்பு 2011-ல் நடந்தது. கிழக்கு திமோர் சட்டப்படி போர்ச்சுகலின் முடிக்கப்படாத குடியேற்றம். நம் சாகோஸுக்கு அண்ணன் முறை. நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாப்ராவை ஐந்து நாடுகள் அங்கீகரித்தன, அதோடு முடிந்தது. தாய்நாட்டின் இசைவில்லாமல், குடியேற்ற வழக்காகவும் இல்லாமல், சட்ட வாதத்தை மட்டும் வைத்துப் பிரிந்து ஐ.நா.வில் அமர்ந்த நாடு என்று ஒன்றைக் காட்டினால் நான் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அதனால் பிரிந்து செல்லும் உரிமை ஏற்கப்பட்டுவிட்டது என்று எழுதாதீர்கள். உள்ளகச் சுயநிர்ணயம், அதாவது ஒரே நாட்டுக்குள் தம்மைத் தாமே ஆளும் உரிமை, மறுக்கப்பட்டது என்று எழுதுங்கள். மறுப்பை அடுக்கிக் காட்டுங்கள்: 1956 தனிச் சிங்களச் சட்டம், கிழித்தெறியப்பட்ட பண்டா செல்வா ஒப்பந்தம், 1981-ல் எரிந்த யாழ் நூலகம், 1983 ஜூலை, இலங்கை அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு முழுமையாகத் தராத காணி, காவல் அதிகாரங்கள். கூட்டாட்சி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றமே சொன்னது உங்கள் வரைவில் இல்லை. அது இல்லாமல் எதற்கு ஒரு தீர்மானம்?

ஐந்தாம் பத்திக்கு வருகிறேன். ஒடுக்கப்பட்ட இனம் ஆயுதம் ஏந்துவது பன்னாட்டுச் சட்டத்தில் முழு உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐ.நா. சாசனத்தின் 2(4) ஆம் பிரிவு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான படைப்பலத்தைத் தடுக்கிறது. ஒரு நாட்டுக்குள் நடக்கும் கிளர்ச்சியைப் பற்றி அது பேசவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, குடியேற்ற ஆதிக்கம், அந்நிய ஆக்கிரமிப்பு, இனவாத ஆட்சி ஆகிய மூன்றையும் எதிர்த்து சுயநிர்ணயத்துக்காகப் போரிடுபவர்களைப் பன்னாட்டுப் போரின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அங்கோலாவையும் தென்னாப்பிரிக்காவையும் பாலஸ்தீனத்தையும் மனதில் வைத்து எழுதிய வரி. இலங்கையை அந்தப் பட்டியலில் சேர்க்க ஐ.நா.வில் எந்த அமைப்பும் முன்வரவில்லை. கொசோவோ கருத்துரையில் இன்னொரு குறிப்பும் உண்டு. தெற்கு ரொடீசியா, வட சைப்ரஸ் விடுதலைப் பிரகடனங்களைப் பாதுகாப்புச் சபை ஏன் செல்லாது என்றது? பிரகடனம் செய்ததற்காக அல்ல. சட்டவிரோதப் படைப்பலமோ, யாரும் மீறக்கூடாத விதிகளின் மீறலோ அவற்றோடு கலந்திருந்ததால். ஆயுதம் தூக்குவது உரிமைக்கு வலுச் சேர்க்கும் என்று நினைப்பவர்கள் அந்தப் பத்தியை வாசிக்க வேண்டும்.

சட்டம் இரு பக்கத்தையும் கட்டும். 2009-ல் வன்னியில் மருத்துவமனைகள் மீது குண்டு விழுந்ததையும், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னதையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எழுத வேண்டியதுதான். அதே குழு, மக்களை வெளியேற விடாமல் தடுத்துச் சுட்டதாகப் புலிகள் மீதும் குற்றம் சொன்னதை ஏன் விட்டீர்கள்? 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழ் பேசும் மக்கள் அவர்கள். கையில் சில நூறு ரூபாயும் மாற்றுத் துணியும் மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். இதே போல, ஒரு பெட்டியோடு கப்பலில் ஏறு என்று சொல்லப்பட்டவர்கள் நம் ஊரில், ரோஷ் புவாவிலும் புவாந்த் ஓ சாபிளிலும் இன்னும் இருக்கிறார்கள். சாகோஸ் பெயரைச் சொல்லிக்கொண்டு இதை மறைக்க முடியாது. ஐந்தாம் பத்தியில் திருத்த எதுவுமில்லை, அப்படியே நீக்கிவிடுங்கள்.

இப்போது அந்த மக்களைப் பற்றி. தேங்காய்த் தோட்டங்களில் வேலை செய்த அடிமைகளின் வழிவந்தவர்கள். இந்தியக் கூலிகளின் வழிவந்தவர்களும் அவர்களில் உண்டு. 1967க்கும் 1973க்கும் இடையில் 1,500 முதல் 2,000 பேர் வரை அப்புறப்படுத்தப்பட்டார்கள். சிகிச்சைக்கென்று போர்ட் லூயிஸ் வந்தவர்களைத் திரும்பக் கப்பலேற விடவில்லை. தீவிலிருந்தவர்களுக்கு உணவுப் பொருள் வரவைக் குறைத்தார்கள். கடைசியில் அவர்கள் வளர்த்த நாய்களை ஒரு கொட்டகையில் அடைத்து, வாகனப் புகையை விட்டுக் கொன்றார்கள்.

2018 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் நம் அரசு போட்டுக்காட்டிய காணொளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? லிஸ்பி எலிசே என்ற அம்மா, பெரோஸ் பான்யோஸ் தீவில் பிறந்தவர், தன் கிரியோல் மொழியில் பேசுகிறார். 1973 ஏப்ரலில் இரவில் கப்பலில் ஏற்றினார்கள், அப்போது நான்கு மாத கர்ப்பம், இங்கே வந்தபின் குழந்தை பிறந்தவுடனே இறந்துவிட்டது என்கிறார். செத்தால் என் தீவில் சாக வேண்டும் என்கிறார். சில நிமிடங்கள்தான். வல்லுநர்களின் ஆயிரக்கணக்கான பக்கங்களை விட அந்தச் சில நிமிடங்கள் வழக்குக்குக் கனம் சேர்த்தன. நம் நாடு அந்த அம்மாவின் கண்ணீரைச் சாட்சியாக வைத்துத்தான் வென்றது.

தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் எங்கள் கோவில் மடப்பள்ளியில் உதவிக்கு ஒரு வயதான சாகோஸ் பெண் வருவார். தேங்காயை இடது கையில் ஏந்தி, கத்தியின் முதுகால் ஒரே தட்டு. இரண்டு பாதியும் சமமாக விரியும். அடுத்து கத்தி முனையை ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவில் செருகி ஒரு சுழற்று. பருப்பு உடையாமல் முழுக் கிண்ணமாகக் கையில் வரும். நாங்கள் ஒன்றை எடுப்பதற்குள் அவர் ஐந்தை முடித்திருப்பார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், அது வேலை, கற்பது என்ன என்பார். கோவில் கணக்கில் அவருக்குச் சாப்பாடும் ஒரு புடவையும் போகிறது. அந்தப் புடவையைக் கொடுக்கும் குழுதான் இந்தத் தீர்மானத்தையும் எழுதியிருக்கிறது. நாடு கடந்த சுயநிர்ணயத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பிரிட்டனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1972-ல் இம்மக்களின் மறுகுடியமர்வுக்கென்று லண்டன் கொடுத்த 6,50,000 பவுண்டு நம் அரசிடம் கிடந்தது. பங்கிடப்பட்டது 1977, 1978-ல். அதற்குள் விலைவாசி ஏறி, கொடுத்த பணம் பாதி வீட்டுக்கும் காணவில்லை. 1982-ல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஆங்கிலத் தாளில் கைநாட்டு வைத்தார்கள். திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாகோஸ் மக்களின் தலைவர் ஒலிவியே பங்குல், திரும்பும் உரிமை கேட்டு 2000-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2004-ல் மகாராணியின் ஆணை ஒன்றால் அந்த வெற்றி பறிபோனது. 2008-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 3க்கு 2 என்று அரசின் பக்கம் சாய்ந்தார்கள்.

2025 மே 22 அன்று கையெழுத்தான உடன்படிக்கையைப் பாருங்கள். இறைமை மொரிசியஸுக்கு. அமெரிக்க, பிரிட்டிஷ் படைத்தளம் இருக்கும் தியேகோ கார்சியா தீவு 99 ஆண்டுக்குப் பிரிட்டன் கையில். முதல் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்டு நமக்கு வரும் என்கிறது. சாகோஸ் மக்களுக்கான அறக்கட்டளை நிதி, மொத்தமாக, 4 கோடி பவுண்டு. மற்றத் தீவுகளில் மறுகுடியமர்த்தும் திட்டத்தை மொரிசியஸ் நடத்தலாம் என்கிறது. நடத்த வேண்டும் என்று எழுதவில்லை. தியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு ஊர் திரும்புதல் அதில் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசுகள். அந்த மக்கள் ஒரு தரப்பாக அமரவே இல்லை. பங்குலின் அமைப்பு உடன்படிக்கையை வரவேற்றது. இங்கிலாந்தின் கிராலியில் குடியேறியவர்களில் பலர் எதிர்க்கிறார்கள். தியேகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் கையெழுத்தை நிறுத்த லண்டன் நீதிமன்றம் போனார்கள். அன்று காலை சில மணி நேரம் தடையும் கிடைத்தது. அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதைச் சாக்காக்காதீர்கள். 1967 தேர்தலில் நூற்றுக்கு 44 பேர் விடுதலைக்கு எதிரான பக்கம் வாக்களித்த நாடு இது. அந்த 44-ல் நம்மவர்களும் இருந்தார்கள். நம்மையாவது வாக்குச் சீட்டு கொடுத்துக் கேட்டார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். 1983 ஆகஸ்டில் இலங்கை கொண்டுவந்த ஆறாம் திருத்தத்தை உங்கள் வரைவு கண்டிக்கிறது. தனிநாடு கேட்பதையே குற்றமாக்கிய திருத்தம் அது. 2021-ல் நம் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தில் சேர்த்ததையும் எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டு அரசின் தூண்டுதலாலோ பணத்தாலோ மொரிசியஸின் இறைமையைத் திரித்துக் காட்டினால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை. ஆறாம் திருத்தம் அளவுக்கு அகலமானதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாகோஸ் பிரிட்டிஷ் மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்ல நினைக்கும் சாகோஸ் பெண்ணுக்கு அந்தச் சட்டம் காதில் விழும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது.

படைப்பலம் பற்றிப் பேச விரும்பினால், நம் வாசலிலேயே இருக்கிறது. 1991-ல் ஈராக்குக்கும், 2001-ல் ஆப்கானிஸ்தானுக்கும், 2003-ல் மறுபடி ஈராக்குக்கும் தியேகோ கார்சியாவிலிருந்து குண்டு விமானங்கள் பறந்தன. 2002-ல் அமெரிக்கர்கள் கைதிகளோடு இரண்டு விமானங்களை அங்கே இறக்கியதை டேவிட் மிலிபேண்ட் 2008-ல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இதுவரை அது யார் மண் என்ற தகராறு இருந்ததால் நமக்கு ஒரு விலகல் இருந்தது. மண் நம்முடையது என்று ஆனபின் விலகல் இல்லை. 1974-ல் பொதுச்சபை ஏற்ற 3314 ஆம் தீர்மானம் ஆக்கிரமிப்பு எது என்று வரையறுக்கிறது. அதன் மூன்றாம் பிரிவில் ஒரு வரி: தன் நிலத்தை இன்னொரு நாட்டின் கையில் கொடுத்து, அங்கிருந்து மூன்றாம் நாட்டை ஆக்கிரமிக்க விடுவதும் ஆக்கிரமிப்பே. உடன்படிக்கையின் இணைப்பில் நமக்குக் கிடைத்திருப்பது என்ன? தளத்திலிருந்து நேரடியாக மூன்றாம் நாட்டின் மீது தாக்குதல் நடந்தால் பிரிட்டன் விரைவாகத் தகவல் சொல்லும். கேட்கும் என்று இல்லை, சொல்லும். வாடகை வாங்குகிற வீட்டுக்காரருக்கு, உள்ளே நடந்ததைப் பிறகு சொல்லுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொறுப்பு மட்டும் அவர் பேரில். ஆப்பிரிக்காவை அணு ஆயுதம் இல்லாத கண்டமாக்கிய பெலிண்டாபா உடன்படிக்கையிலும் நாம் உறுப்பு. அதன் வரைபடத்தில், இறைமைத் தகராறு பற்றிய ஓர் அடிக்குறிப்போடு, சாகோஸும் இருக்கிறது. இந்தக் கேள்வியைத் தேசியப் பேரவையில் எழுப்பும்படி நம் உறுப்பினர்களை எந்தத் தமிழ்ச் சங்கமாவது கேட்டிருக்கிறதா?

நம் நாட்டைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவைப் பற்றி இரண்டு வரி. 1967 தேர்தலில் அங்கிருந்த இரண்டு உறுப்பினர் இடங்களும் விடுதலையை எதிர்த்த கட்சிக்கே போயின. நீதிமன்றம் சொன்ன முழு நிலப்பரப்பு விதி அவர்களையும் நம்மோடு கட்டியது. பிரிந்து போகவில்லை, 2002-ல் தன்னாட்சிப் பேரவை பெற்றார்கள். குறைகள் ஆயிரம் இருக்கட்டும், கொழும்புக்கு எடுத்துக்காட்ட நம் வீட்டிலேயே ஒரு மாதிரி இருக்கிறது, உங்கள் வரைவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நம்முடைய இன்னொரு தீவான அகலேகாவில் இந்தியா கட்டிய மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே இருக்கும் சில நூறு பேரிடம் யார் என்ன கேட்டார்கள் என்பது தனிக் கடிதத்துக்குரியது.

சிலர் சொல்வீர்கள்: நாமே இங்கே சிறுபான்மை, அரசைச் சீண்டி என்ன கிடைக்கும் என்று. 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது இதையே யாரும் சொல்லவில்லையே. தெருவுக்கு வந்தோம், அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். தேர்தலுக்கென்று அரசியலமைப்பில் வைத்திருக்கும் சமூகப் பட்டியலில் நமக்குத் தனி இடம் கிடையாது, இந்து என்ற தலைப்பின் கீழ் நம்மைப் போட்டிருக்கிறார்கள். சாகோஸ் மக்களையும் பொதுச் சமூகம் என்ற தலைப்பின் கீழ் போட்டிருக்கிறார்கள். யார் ஒரு மக்கள் என்பதை அடுத்தவர் தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் நமக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, என் கோரிக்கை இது. மூன்றாம் பத்தியின் இடத்தில் உள்ளகச் சுயநிர்ணய மறுப்பை எழுதுங்கள். ஐந்தாம் பத்தியை எடுங்கள். தியேகோ கார்சியா உட்பட எல்லாத் தீவுகளுக்கும் திரும்பும் உரிமை பற்றிச் சாகோஸ் மக்களிடம், இங்கிருப்பவர்களிடமும் இங்கிலாந்திலும் செஷல்ஸிலும் இருப்பவர்களிடமும், தனி வாக்கெடுப்பு நடத்த மொரிசியஸ் அரசைக் கேட்டு ஒரு பத்தி சேருங்கள். தளத்திலிருந்து போர் தொடுக்குமுன் மொரிசியஸின் இசைவு வேண்டும் என்று இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சாகோஸ் அமைப்புகளையும் அழையுங்கள், உடன்படிக்கையை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும். கூட்டத்தைக் கிரியோலில் நடத்துங்கள், தமிழில் பேச வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் அதுதான் வசதி. மண்டபத்துக்கு வாடகை வேண்டுமென்றால் நான் தருகிறேன்.

திருத்திய வரைவை வெள்ளிக்குள் அனுப்பினால் என் முன்னாள் மாணவர்கள் சிலரிடமும் கையெழுத்து வாங்கித் தருவேன். பழைய வரைவே அமைச்சகத்துக்குப் போவதானால், பின்னிணைப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்ற பட்டியலில் என்னைக் கேட்காமல் சேர்த்திருக்கும் என் பெயரை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
கத்ர் போர்ன், மொரிசியஸ்